நெளி: மேடுபள்ளப் பரப்பைக் குறிக்கும் சொல்லும் மும்பைத் தமிழ் வழக்கும்

1. முன்னுரை

ஒரு பரப்பு ஒழுங்கான இடைவெளியில் மேடும் பள்ளமுமாக அமைந்திருக்கும்போது அதனைத் தமிழில் எச்சொல்லால் குறிப்பது என்னும் வினா மொழிபெயர்ப்பாளருக்கு அடிக்கடி எழுவதாகும். கூரைத் தகடு, பெட்டி செய்யும் அட்டை, காய்கறியின் தோல், முறுக்கு, மோதிரம், உழுத நிலம் ஆகிய யாவும் இத்தகைய பரப்பு உடையவை. ஆயினும் இவை அனைத்திற்கும் பொதுவான ஒரு சொல்லைத் தமிழ் வைத்துக்கொள்ளவில்லை. பரப்பின் தன்மைக்கேற்ப வரி, திரை, முள், பார், மடிப்பு, நெளி எனப் பல சொற்கள் வழங்குகின்றன.

இவற்றுள் ‘நெளி’ என்னும் சொல்லின் பொருளையும் ஆட்சியையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மும்பையில் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழரின் வழக்கு இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது. கூரைத் தகடு அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாக இருப்பதாலும், மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றிலிருந்து தமிழுக்குச் செய்திகள் இடையறாது பெயர்க்கப்பட வேண்டியிருப்பதாலும் இச்சொல்லின் நுட்பம் இங்குத் தெளிவாகப் புலப்படுகிறது. ‘நெளிதகடு’ என்பதும் ‘நெளிந்த தகடு’ என்பதும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

2. மேடுபள்ளப் பரப்பும் தமிழ்ச் சொற்களும்

நெளி என்பதன் எல்லையை வரையறுக்க, அதனை அடுத்து நிற்கும் சொற்களை முதலில் நோக்குதல் வேண்டும்.

‘வரி’ என்பது கோடு. புலியின் உடலிலும் வேட்டியின் கரையிலும் காணப்படுவது வரி. அது கண்ணுக்குத் தெரிவதே அடிப்படை. கைக்குத் தட்டுப்பட வேண்டுவதில்லை. எனவே வரியுள்ள பரப்பு தட்டையாகவும் இருக்கலாம்.

‘திரை’ என்பது அலையையும் தோலின் சுருக்கத்தையும் ஒருங்கே குறிப்பது. நரை, திரை, மூப்பு என்னும் அடுக்கில் இது சுருக்கம். பால் திரைதல் என்னுமிடத்தும் பரப்பின் சீர்மை கெடுதலே கருத்து. இக்காலத்தில் மறைப்பு, படம் காட்டும் பரப்பு ஆகிய பொருள்களே மேலோங்கி நிற்பதால் மேடுபள்ளப் பரப்பைக் குறிக்கும் புதிய கலைச்சொற்களுக்கு இச்சொல் பயன்படுவது அரிது.

‘முள்’ சமையலறைச் சொல். முறுக்கு அச்சின் துளை வட்டமாயின் மழமழப்பான தேன்குழல் கிடைக்கிறது. துளையில் பற்கள் இருப்பின் நீளவாக்கில் கூர்மையான மேடுகள் கொண்ட முள்ளு முறுக்கு கிடைக்கிறது. மேட்டின் கூர்மை நாவுக்கும் விரலுக்கும் உறைப்பதே இப்பெயருக்குக் காரணம்.

‘பார்’, ‘சால்’ என்னும் இணை உழவர்க்குரியது. உயர்த்தி அமைக்கப்பட்டது பார். நீர் ஓடும் தாழ்வான பகுதி சால். மேட்டிற்கும் பள்ளத்திற்கும் தனித்தனிப் பெயர் அமைந்திருப்பது இவ்விணையின் சிறப்பு. நீர் பாய்ச்சுவோர்க்கு இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல வேண்டிய தேவை உண்டாதலின் இரு சொற்களும் நிலைபெற்றன எனலாம்.

‘மடிப்பு’ கோணமாக வளைவதைக் குறிக்கும். துணியும் தாளும் மடிக்கப்படும்போது மடிந்த இடத்தில் விளிம்பு தோன்றுகிறது. நெளியில் அத்தகைய விளிம்பு இல்லை. வளைவு தொடர்ந்து செல்கிறது.

3. நெளி: பொருட்கூறுகள்

நெளிதல் என்னும் வினை முதன்மையாக உயிரியின் அசைவைக் குறிப்பது. புழு நெளிகிறது, பாம்பு நெளிந்து செல்கிறது, கூச்சமடைந்தவர் இருக்கையில் நெளிகிறார். இவ்வசைவில் உடல் முழுவதும் ஒரு பக்கமும் மறுபக்கமும் மாறி மாறி வளைகிறது. அசைவு நின்றபின் எஞ்சும் வடிவத்திற்கும் இவ்வினையே பெயர் தருகிறது. நெளிநெளியான தலைமுடி, நெளிந்து செல்லும் பாதை, நெளி மோதிரம் ஆகியவை இவ்வகையின. ஒரு தொழிலின் உள்நுட்பங்களை அறிந்தவரை ‘நெளிவு சுளிவு தெரிந்தவர்’ என்று கூறுவதும் இவ்வடிவத்தின் வழிப்பட்டதே.

இவற்றிலிருந்து பெறப்படும் முதன்மையான பொருட்கூறு ஒன்று உண்டு. நெளியும் பொருள் தன் முழுத் தடிமனோடும் வளைகிறது. அதன் ஒரு பக்கத்து மேடு மறுபக்கத்துப் பள்ளமாக அமைகிறது. நெளி மோதிரத்தின் பட்டை இவ்வாறு வளைந்தது. கூரைத் தகடும் இவ்வாறே. மேலிருந்து பார்ப்பவர்க்கு மேடாகத் தோன்றும் இடம் வீட்டினுள் இருந்து பார்ப்பவர்க்குக் குழிவாகத் தோன்றுகிறது.

இக்கூறு இல்லாத பரப்பை நெளி என்று தமிழர் கூறுவதில்லை. பீர்க்கங்காய் இதற்கு நல்ல சான்று. ஆங்கிலத்தில் இக்காயின் பெயரே அதன் மேடுகளைச் சுட்டுவது. மாதுங்காச் சந்தையில் மராத்தியர் இதனைத் தோட்கா என்றும் ஷிராளே என்றும் கேட்டு வாங்குகின்றனர். பின்னது நரம்பு எனப் பொருள்படும் ஷிரா என்னும் சொல்லை நினைவூட்டுவது. காயின் மேடுகளையும் மராத்தியர் ஷிரா என்றே குறித்து, அவற்றைச் சீவி எடுத்துத் துவையல் செய்கின்றனர். தமிழர் துவையல் அரைக்கும்போது அதனைத் தோலின் பெயரால் ‘பீர்க்கங்காய்த் தோல் துவையல்’ என்பர். ஒரே உறுப்பை ஒரு மொழி நரம்பாகவும் மற்றொரு மொழி தோலின் பகுதியாகவும் காண்கிறது. எனினும் இரு மொழியாரும் அதனை நெளிவாகக் காணவில்லை. காயின் மேட்டிற்குப் பின்புறத்தில் அதற்கிணையான பள்ளம் இல்லை என்பதே காரணம். முள்ளு முறுக்கிற்கும் இஃது ஒக்கும்.

எனவே ஆங்கிலத்தில் ஒரே பெயரடையால் குறிக்கப்படும் மேடுடைய பரப்புகளைத் தமிழில் பெயர்ப்போர் இரு வகையாகப் பிரித்தல் வேண்டும். பரப்பின் மேல் மட்டும் மேடு எழுந்திருப்பின் வரி, முள், மேட்டுவரி போன்ற சொற்கள் பொருந்தும். பொருள் முழுவதும் அலைபோல் வளைந்திருப்பின் நெளி பொருந்தும். பொருளின் பின்புறத்தை நோக்குவதே இதற்குரிய எளிய சோதனை.

4. வினைத்தொகையும் பெயரெச்சமும்

நெளிதலுக்கு மற்றொரு பொருளும் உண்டு. செம்பு கீழே விழுந்து நெளிந்துவிட்டது, சைக்கிள் சக்கரம் நெளிந்துவிட்டது என்னும் தொடர்களில் நெளிதல் என்பது வடிவம் கெடுதலாகும். வடிவம் கெட்ட பாத்திரம் ‘நெளிசல்’ எனவும் வழங்கும். கூந்தல், பாதை ஆகியவற்றைப் பற்றிக் கூறும்போது ‘நெளிந்த’ என்பது இயல்பைக் குறிக்கிறது. உலோகக் கலன், கம்பி, தகடு போன்ற செய்பொருள்களைப் பற்றிக் கூறும்போதோ அதே சொல் குறையைக் குறிக்கிறது. செய்தவர் தந்த வடிவம் ஒன்று இருக்க, அதிலிருந்து பொருள் பிறழ்ந்துவிட்டது என்பதே கேட்போர் கொள்ளும் பொருள்.

நகைக்கடை வழக்கு இதனைத் தெளிவாக்குகிறது. ‘நெளி மோதிரம்’ என்பது ஒரு வேலைப்பாட்டின் பெயர். ‘நெளிந்த மோதிரம்’ என்பது நசுங்கியோ வளைந்தோ போன மோதிரம். முன்னது விற்பனைக்கு வைக்கப்படுவது. பின்னது செப்பனிடக் கொடுக்கப்படுவது. இவ்விரு தொடர்களும் ஓர் இணையாக நின்று, ஓர் எச்ச உருபு பொருளை எவ்வளவு மாற்றக்கூடும் என்பதைக் காட்டுகின்றன.

இலக்கண நோக்கில் இவ்வேறுபாட்டிற்குக் காரணம் காலமாகும். பெயரெச்சம் இறந்தகாலம் காட்டி, முன்பு நிகழ்ந்த ஒரு மாற்றத்தைச் சுட்டுகிறது. வினைத்தொகையில் காலங்காட்டும் உருபு மறைந்து நிற்றலின், நிகழ்ச்சி பின்தங்கித் தன்மை முன்நிற்கிறது. சுடுமண், ஊறுகாய் ஆகியவை இவ்வாறு அமைந்தவை. சுடுமண் என்பது ஒரு பொருள்வகையின் பெயர். சுட்ட மண் என்பது நிகழ்ச்சியின் விளைவு. நெளிதகடு, நெளிதாள் என்பனவும் இம்முறையிலேயே பொருள்வகைப் பெயர்களாகின்றன.

எழுத்திலும் இதனைக் காத்தல் வேண்டும். வினைத்தொகையில் வல்லெழுத்து மிகாது ஆதலின் நெளிதகடு என எழுதுவது முறை. நெளி என்பதனைப் பெயராகக் கொண்டு ‘நெளியை உடைய தகடு’ என விரிப்பின் நெளித்தகடு என வல்லெழுத்து மிகும். இரண்டும் பிழையல்ல. ஆயினும் ஒரே நூலில் இரு வடிவங்களும் கலந்து வருதல் தகாது.

ஆங்கிலத்தில் நெளிதகட்டிற்குரிய அடைமொழி இறந்தகால எச்ச வடிவில் அமைந்திருப்பதே மொழிபெயர்ப்பாளரை ‘நெளிந்த’ என எழுதத் தூண்டுவது. வடிவத்தை மட்டும் பின்பற்றிய இப்பெயர்ப்பு பொருளைக் கெடுக்கிறது. ஒரு கட்டட ஒப்பந்தத்தில் ‘நெளிந்த தகடுகள் 20’ என வருமாயின், படிப்பவர் அதனைப் பழுதுபட்ட தகடுகள் என்றே கொள்வர். மழைச்சேதக் கணக்கில் நிலைமை இன்னும் இடர்ப்பாடானது. ஒரு வீட்டின் கூரை நெளிதகட்டால் ஆனது என்பது கட்டுமான விவரம். கூரைத் தகடு நெளிந்துவிட்டது என்பது சேத விவரம். இரண்டிற்கும் ஒரே தொடரை ஆள்வது உரிய உதவியை ஒருவர் இழப்பதற்கும் வழிவகுக்கலாம்.

‘நெளிவுத் தகடு’ என்னும் வடிவமும் ஆளப்படுகிறது. இஃது ஓரளவு ஏற்கத்தக்கதே. எனினும் ‘தகட்டில் ஒரு நெளிவு இருக்கிறது’ என்பது பேச்சில் ஒடுக்கத்தைக் குறிப்பதால், நெளிவு என்பதனினும் நெளி என்பதே ஐயமற்றது.

5. மும்பை வழக்கு: பத்ரா

தாராவியில் தமிழர் குடியேற்றம் நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தவர்கள் அங்கு நிலைபெற்றனர். மாதுங்கா, 1896ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் திட்டமிட்டு விரிவாக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் அங்குத் தோன்றியது. செம்பூர் பின்னர் வளர்ந்த புறநகர். இம்மூன்று பகுதிகளிலும் வீட்டமைப்பு வேறுபடுவதால் கூரை பற்றிய சொற்களும் வேறுபடுகின்றன.

தாராவித் தமிழில் கூரைத் தகட்டைக் குறிக்கும் சொல் ‘பத்ரா’. இது மராத்தியிலிருந்து வந்தது; இலை எனப் பொருள்படும் வடசொல்லோடு தொடர்புடையது. ‘மழைக்கு முன்னாடி பத்ரா மாத்தணும்’, ‘மேலே பத்ரா போட்டிருக்கு’ என்பன போன்ற தொடர்கள் இயல்பானவை. கோரேகாவில் பத்ரா சால் என்னும் பெயருடைய குடியிருப்பு இருந்தது, இச்சொல் நகரின் இடப்பெயர்களிலும் ஊன்றியுள்ளதைக் காட்டும். மழைக்காலத்தில் தகட்டின் மேல் விரிக்கப்படும் தார்ப்பாயும் மும்பையில் ‘தாட்பத்ரி’ எனப்படுகிறது. பனையோலையைக் குறிக்கும் சொல்லோடு இஃது ஒலியால் ஒத்துள்ளது. தமிழில் தகடு என்னும் சொல்லுக்குப் பூவின் புறவிதழ் என்னும் பொருளும் உண்டு என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மெல்லிய உலோகப் பரப்பை இலையாகவோ இதழாகவோ காணும் பார்வை இரு மொழிகளுக்கும் பொதுவாகிறது.

செம்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மொட்டைமாடி ஒழுகாமல் இருக்க மேலே தகட்டுக் கொட்டகை அமைப்பதுண்டு. அங்கு ‘ஷீட்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் பத்ராவும் ஒருங்கே வழங்குகின்றன.

தமிழ்நாட்டு வழக்கில் இவ்விடத்தைப் பெரும்பாலும் நிரப்புவது ‘தகரம்’. இச்சொல்லின் வரலாறு சுவையானது. சங்க இலக்கியத்தில் தகரம் என்பது கூந்தலுக்குரிய நறுமணப்பொருள். உலோகப் பெயராக அது வெள்ளீயத்தைக் குறித்தது. பின்னர் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடும், அதன் வழியே எல்லா மெல்லிய இரும்புத் தகடும் தகரமாயின. இன்று கூரைக்கு இடப்படும் தகடு துத்தநாகம் பூசிய இரும்பு. அதில் வெள்ளீயப் பூச்சு இல்லை. எனினும் தகரம் என்னும் சொல் உலோகத்தையே உணர்த்துகிறது.

பத்ராவோ உலோகத்தோடு நிற்பதில்லை. கல்நார் கலந்த சிமெண்ட் தகடும் பத்ராவே. வேறுபடுத்த வேண்டுமாயின் ‘சிமெண்ட் பத்ரா’ என்பர். அதாவது பத்ரா வடிவத்தின் பெயர். தகரம் மூலப்பொருளின் பெயர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப்பட்டியலிலும் துத்தநாகம் பூசிய தகடு, பிற உலோகத் தகடு, கல்நார்த் தகடு ஆகிய மூன்றும் கூரைக்குரிய ஒரே வகையில் அடக்கப்பட்டன. அவ்வகைப்பாடு பத்ராவோடு ஒத்துச் செல்கிறது. தகரத்தோடு ஒத்துச் செல்லவில்லை.

இவ்வேறுபாடு உடல்நலத்தைத் தொடுவது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை கல்நாரின் எல்லா வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவையாக வகைப்படுத்தியுள்ளது. கல்நார்த் தகட்டை உலர்ந்த நிலையில் அறுத்தாலும் துளையிட்டாலும் உடைத்தாலும் நுண்ணிழைகள் காற்றில் கலக்கின்றன. இதுபற்றிய எச்சரிக்கையைப் பெயர்ப்பவர் ‘தகரக் கூரை’ என எழுதினால், சிமெண்ட் பத்ராவின் கீழ் வாழ்பவர் அது தமக்குரியதன்று எனக் கருதிவிடுவார். ‘நெளிதகடு’ என மட்டும் எழுதினாலோ இரும்புத் தகடு உடையவரும் வீணே அஞ்சுவார். வடிவமும் மூலப்பொருளும் சேர்ந்து நிற்கும் ‘கல்நார் நெளிதகடு’ என்பதே இவ்விடத்துப் பொருந்தும். தாராவியில் வாய்மொழியாக விளக்குவோர் சிமெண்ட் பத்ரா என்பதனை உடன் கூறுவது பயனுடையது.

6. பிறமொழிகளின் நோக்கு

நெளிதகடு இங்கிலாந்தில் தோன்றியது. இலண்டன் துறைமுகப் பணியில் இருந்த ஹென்றி ராபின்சன் பாமர் 1829இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1837இல் பிரான்சின் ஸ்தனிஸ்லாஸ் சொரெல் இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின் இதன் பயன்பாடு பரவியது. மெல்லிய தகடு வளைந்து அலையுருப் பெறும்போது அதன் ஆழம் கூடுகிறது. அதனால் நெளியின் நீளவாக்கில் அது எளிதில் தொய்வதில்லை. கூரையில் நெளிகள் சரிவின் திசையில் அமைக்கப்படுவதற்கு நீர் வடிதலோடு இவ்வலிமையும் காரணம்.

ஒரே பொருளுக்கு மொழிகள் தந்த பெயர்கள் வெவ்வேறு பக்கங்களைப் பற்றுகின்றன. ஆங்கிலச் சொல் சுருக்கம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. செருமானியமும் பிரெஞ்சும் அலையைக் கொண்டு பெயரிட்டன. இந்தியில் ‘நாலீதார்’, மராத்தியில் ‘பன்ஹளி பத்ரா’ என்பன நீர் ஓடும் காலைக் கொண்டு அமைந்தன. தமிழ் வளைவைக் கொண்டு பெயரிட்டது. எனவே இந்தியிலிருந்து ‘கால்வாய்த் தகடு’ எனவோ, ஆங்கிலத்திலிருந்து ‘சுருக்கத் தகடு’ எனவோ பெயர்ப்பது சொல்லைப் பெயர்த்ததாகுமேயன்றிப் பொருளைப் பெயர்த்ததாகாது.

7. நெளி எண்ணுப்பெயராதல்

கட்டடக் குறிப்புகளில் நெளி எண்ணப்படும் பெயராகவும் தேவைப்படுகிறது. வணிக வழக்கில் 8/3, 10/3 எனக் குறிக்கப்படும் தகடுகளில் முன்னெண் நெளிகளின் எண்ணிக்கை. பின்னெண் ஒரு நெளியிலிருந்து அடுத்த நெளிக்குரிய அங்குல அளவு. இரு தகடுகளைப் பக்கவாட்டில் பொருத்தும்போது ஒன்றரை அல்லது இரண்டு நெளிகள் மேற்படியுமாறு வைப்பது பரவலான முறை.

‘ஒன்றரை நெளி’ என்னும் இவ்வளவே சொல்லின் பொருளை வரையறுக்கிறது. நெளி என்பது மேட்டை மட்டும் குறிப்பதாயின் அரை மேடு என்பது பொருளற்றதாகிவிடும். எனவே எண்ணுப்பெயராக வரும்போது ஒரு மேடும் அதனை அடுத்த பள்ளமும் சேர்ந்த முழு அலகே ஒரு நெளி எனக் கொள்ளல் வேண்டும்.

இவ்வலகின் இரு பாதிகளுக்கும் தனிப்பெயர் வேண்டும். திருகாணிக்குரிய துளையை மேட்டில் இட வேண்டும்; நீர் ஓடும் பள்ளத்தில் இட்டால் கூரை ஒழுகும். ‘நெளியில் துளையிடுக’ என்னும் பெயர்ப்பு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. மேட்டிற்கு ‘முகடு’ என்னும் சொல் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் கூரையின் உச்சியும் முகடே ஆதலின் கூரை பற்றிய நூலில் அது குழப்பம் தரும். பள்ளத்திற்குச் ‘சால்’ என்னும் உழவர் சொல் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் மும்பைத் தமிழர்க்குச் சால் என்பது வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு. எனவே நெளிமேடு, நெளிப்பள்ளம் என்னும் வெளிப்படையான கூட்டுச்சொற்களே பாதுகாப்பானவை.

அட்டைப்பெட்டித் துறைக்கும் இச்சொற்கள் ஏற்கும. தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டு உள்ளிட்ட மறுசுழற்சிப் பகுதிகளில் கைமாறும் பெட்டிகளின் வெளிப்புறம் தட்டையானது. நெளி உள்ளே மறைந்துள்ளது. மூன்றடுக்கு அட்டையில் இரு தட்டைத் தாள்களுக்கிடையே ஒரு நெளிதாளும், ஐந்தடுக்கில் இரண்டு நெளிதாள்களும் அமைகின்றன. இங்கு ‘நெளிந்த பெட்டி’ என எழுதினால் அது நசுங்கிய பெட்டியையே குறிக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கோண வடிவில் வளைக்கப்பட்ட வண்ணத் தகடுகளும் இன்று கூரைக்குப் பயன்படுகின்றன. அவற்றில் தொடர் வளைவு இல்லை. அவற்றை மடிப்புத் தகடு எனப் பிரித்துக் கூறுவது, தகடு மாற்றும்போது பழையதோடு புதியது பொருந்துமா என்பதை அறியவும் உதவும்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. நெளி என்பது பொருள் முழுவதும் வளைந்து, ஒரு பக்கத்து மேடு மறுபக்கத்துப் பள்ளமாகும் பரப்பிற்கே உரியது. செய்பொருள்களைப் பொறுத்தவரை வினைத்தொகை வடிவம் இயல்பையும், இறந்தகாலப் பெயரெச்சம் பழுதையும் குறிக்கின்றன. நெளிதகடு வடிவப்பெயராதலின் மூலப்பொருள் வேறுபாடு முதன்மை பெறும் இடங்களில் இரும்பு, கல்நார் முதலிய அடைகளோடு வருதல் வேண்டும்.

தாராவியில் வீடுகளின் கணக்கெடுப்பு 2024ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தொடங்கியது. இத்தகைய பணிகளில் கூரையும் சுவரும் பற்றிய விவரங்கள் பல மொழிகளைக் கடந்து மக்களை அடைகின்றன. அங்குப் பத்ரா என்னும் பேச்சுவழக்கு வடிவத்தைத் தெளிவாகச் சுட்டுவதால் அதனைக் கொச்சை எனத் தள்ளாமல், எழுத்துவழக்கின் நெளிதகட்டோடு இணைத்து வழங்குதல் நன்று. நெளி மோதிரத்தையும் நெளிந்த மோதிரத்தையும் மயங்காமல் வழங்கிவரும் மக்களின் மொழியுணர்வு, கூரைத் தகட்டைப் பெயர்ப்போர்க்கும் போதிய வழிகாட்டியாகும்.